ஓனர் கையெழுத்து

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

வாங்கியாயிற்று. வண்டி இப்போது வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கிறது. நிற்கிறது என்று சொல்லலாமா தெரியவில்லை. பின்பக்கம் டயர் இருக்கிறது, முன்பக்கம் செங்கல் அடுக்கியிருக்கிறோம். 1974 மாடல் சின்ன லாரி, மூக்கு நீண்டது. இரண்டு கதவும் இல்லை. டீசல் பம்ப் இல்லை. மீட்டர் இருந்த இடத்தில் ஓட்டை. இன்ஜின் பாதி வண்டியோடும் பாதி இரண்டு சாக்கு மூட்டையிலும் வந்து சேர்ந்தது.

விற்றவர் பனமரத்துப்பட்டியில் பூந்தோட்டம் வைத்திருக்கும் சென்னியம்மாள். எழுபதை நெருங்கும் வயது. இந்த வண்டியில்தான் அவர் கணவர் பெரியசாமி சேலம் மார்க்கெட்டுக்குச் சாமந்தியும் அரளியும் ஏற்றிப் போவாராம். ரிப்பேருக்கு அவரே பிரித்துப் போட்டதாம். இப்போது பக்கவாதம் வந்து ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில், நினைவில்லாமல். கிரேன் வண்டியைத் தூக்கும்போது அந்த அம்மா வெளியே வரவே இல்லை. உள்ளேயிருந்தே, "சீக்கிரம் கொண்டு போயிருங்க சாமி" என்றார்.

என் வீட்டுக்காரர் தீனதயாளன் ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். "ரஞ்சிதா, இது வண்டியா, வண்டியோட எலும்பா?"

பதினாறு வருஷமாக நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வரைபடம் போடுகிறேன். எல்லாம் அடுத்தவர் வண்டிக்கு. எனக்கென்று ஒன்று இருக்கட்டும் என்றேன்.

பிப்ரவரி 13, வியாழன்

மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றையும் டீசலில் கழுவினேன். இரண்டு போல்ட் எதற்கென்றே தெரியவில்லை. இதைச் செய்த கம்பெனி மூடி நாற்பது வருஷம் ஆகிறது. பம்புக்கு எங்கே போவேன்?

அவசரப்பட்டுவிட்டேனோ.

பிப்ரவரி 19, புதன்

ஆர்.சி. புத்தகத்தை புரோக்கரிடம் காட்டினேன். வண்டி பெரியசாமி பெயரில் இருக்கிறது. "ஓனர் கையெழுத்து இல்லாம ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கையில கூட வாங்க மாட்டாங்கக்கா" என்று பெயர் மாற்றும் பாரத்தைக் கொடுத்தனுப்பினார்.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். வாங்கின அன்றே தெரியும். கேட்டால் அந்த அம்மா விற்க மாட்டார் என்று பயந்து கேட்காமல் விட்டேன். அதுதான் உண்மை. இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது.

பிப்ரவரி 27, வியாழன்

சென்னியம்மாள் போன் செய்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று முதலில் புரியவில்லை. "கண்ணு முழிச்சுட்டாருங்க! என்னைய அடையாளம் தெரியுதுங்க சாமி!"

நல்லதும்மா, ரொம்ப சந்தோஷம் என்றேன். சொல்லிக்கொண்டே கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஒரு மனுஷன் பிழைத்து வந்திருக்கிறார், எனக்கு முதலில் தோன்றியது வண்டி. என்ன பிறவி நான்?

மார்ச் 8, சனி

பெரியசாமி வீட்டுக்கு வந்துவிட்டார் என்று சென்னியம்மாள் போனில் சொன்னார். இடது கை, இடது கால் சரியாக வரவில்லையாம். தட்டுத் தடுமாறி நடந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, வண்டி எங்கே என்று கேட்டிருக்கிறார்.

"நாமக்கல்லுல பட்டறைக்கு உட்டுருக்குதுன்னு சொல்லிப் போட்டனுங்க. வாய்ல அதுதான் வந்துச்சு. அவரு கேட்டா நீங்களும் அப்படியே சொல்லீருங்க சாமி. இப்ப ஒடம்பு தாங்காதுங்க."

சரி என்றேன். பெயர் மாற்ற அவர் கையெழுத்து வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

அவரே கூப்பிட்டுவிட்டார். பேச்சு குழறுகிறது, ஆனால் புரிகிறது.

"அம்மிணி, வண்டி எந்த மட்டுல இருக்குதுங்க?"

இன்ஜின் கழுவி வைத்திருக்கிறேன் என்றேன். அது பொய் இல்லை.

"பம்பு என்ற கிட்டத்தான் இருக்குது. கழட்டி, எண்ணெத் துணி சுத்தி, பொட்டியில பத்திரமா வெச்சுருக்கறன். ஒருநா வந்து வாங்கிக்கோங்க. நல்லா வேலை பாக்கறீங்கன்னு இவ சொன்னா."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

பனமரத்துப்பட்டி போய் வந்தேன். எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பம்பை அவரே மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். புதுசு மாதிரி இருக்கிறது. வாசலிலேயே சென்னியம்மாள் என் கையைப் பிடித்து, "அந்தக் கையெழுத்து பாரத்தையும் இன்னைக்கே வாங்கிக்கோங்க. இன்சூரன்சுக்குன்னு சொல்லுங்க, போட்டுருவாரு" என்று காதோடு சொன்னார். பாரம் என் பையில்தான் இருந்தது. அப்படியென்றால் நானும் அந்த நினைப்போடுதான் போயிருக்கிறேன்.

சொன்னேன். இன்சூரன்சுக்கு என்று.

"எங்க போடோணும்?" அவ்வளவுதான் கேட்டார். படிக்கவில்லை. வலது கையால் இரண்டு இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு, "வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிச்சுட்டுப் போங்க அம்மிணி" என்றார்.

குடித்தேன்.

மார்ச் 17, திங்கள்

பாரம் பையிலேயே இருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

புரோக்கர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்றேன். ஒரு பொய்யிலிருந்து இன்னொன்று, எவ்வளவு சுலபமாக வருகிறது! பட்டறையில் ஒரு அளவைத் தப்பாகப் போட்டுவிட்டேன். பதினாறு வருஷத்தில் முதல் தடவை.

தீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "வண்டி போனாப் போகுது. நீ தூங்கி எத்தனை நாளாச்சு?" என்றார்.

மார்ச் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சென்னியம்மாள் தோட்டத்தில் பூ எடுத்துக்கொண்டிருந்தார். பெரியசாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாரத்தை அவர் பக்கத்தில் வைத்து, இது இன்சூரன்ஸ் இல்லைங்க, வண்டி என் பேருக்கு மாற்றுவதற்கு, வண்டியை நான் விலைக்கு வாங்கியிருக்கிறேன் என்றேன். திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்ப வாங்கினீங்க?"

பிப்ரவரி ஒன்பது என்றேன். அவர் மனசுக்குள் ஏதோ கணக்குப் பார்த்தார்.

"அப்ப நான் நெனப்பில்லாமக் கெடந்தேன்." பிறகு, ரொம்ப மெதுவாக, "நான் வரமாட்டேன்னு முடிவு பண்ணீட்டாளா?"

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

சென்னியம்மாள் போனில் கத்தினார். "நாப்பத்தாறு வருசமுங்க! ஒருநாளு மூஞ்சி திருப்பினதில்ல. இப்ப நான் வெச்ச சோத்தைத் தின்னுட்டு செவுத்தைப் பாத்துப் படுத்துக்கறாரு. ஒரு வார்த்தை பேசறதில்ல. உங்களுக்கு மனசு லேசாயிருச்சா?"

லேசாகத்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும்போது. அதுதான் இப்ப உறுத்துது. நான் சொன்னது அவருக்காகவா, எனக்காகவா? சும்மா கெடந்திருக்கலாமே — வேலைய முடிச்சு வண்டியக் கொண்டுபோய் நிறுத்திட்டு, இந்தாங்க உங்க வண்டின்னு சொல்லியிருந்தா ஒண்ணுமே ஆகியிருக்காதே! ஏன் தோணல?

ஏப்ரல் 6, ஞாயிறு

கொட்டகைப் பக்கம் போகவில்லை. வண்டியைத் திருப்பி அனுப்பட்டுமா என்று இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. அவருக்குத் திரும்ப ஏதாவது வந்துவிட்டதோ? யாரைக் கேட்பது?

ஏப்ரல் 20, ஞாயிறு

காலையில் வாசலில் சென்னியம்மாள். பஸ் பிடித்து, தனியாக வந்திருக்கிறார். சண்டைக்கு என்றுதான் நினைத்தேன். "வண்டிய ஒருக்கா பாக்கோணும்" என்றார்.

கூட்டிப் போனேன். பக்கத்தில் போகாமல் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டாக்டரு கையை விரிச்சுட்டாருங்க. ஊட்டுக்கு வந்தா இது வாசல்ல நிக்குது. சீட்டுல அவரு உக்காந்திருக்கற மாதிரியே இருக்குது. அவரு இல்லாம இதைத் தெனமும் நான் எப்படிங்க பாக்கறது? அதான் வந்த மொத ஆளுக்குக் குடுத்துட்டேன்."

"இதை அவர்கிட்டச் சொன்னீங்களாம்மா?"

"அவரு கேட்டாத்தானுங்க சொல்ல."

"அவர் கேட்கமாட்டார். நீங்களா சொல்லணும். நான் சொல்லமாட்டேன். இனிமே உங்க ரெண்டு பேருக்கு நடுவுல நான் எதையும் சொல்லமாட்டேன்."

என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் தலையை மட்டும் ஆட்டினார். சாப்பிடச் சொன்னேன், பஸ் போயிரும் என்று கிளம்பிவிட்டார்.

ஏப்ரல் 28, திங்கள்

தகவல் இல்லை.

மே 4, ஞாயிறு

பெரியசாமி போன்.

"பம்பு மாட்டீட்டீங்களா அம்மிணி?"

இல்லைங்க என்றேன். "மாட்டுங்க. அடுத்த ஞாயித்துக்கெழம வாரேன்." வைத்துவிட்டார். கோபமா, இல்லையா? வண்டியைக் கேட்க வருகிறாரா? எப்படியிருந்தாலும் மாட்டுகிறேன். யாருக்கு ஆனாலும் ஓடட்டும்.

மே 10, சனி

வாரம் முழுக்க இதே வேலை. பட்டறை பிட்டர் வந்து உதவினார். டீசல் குழாயில் அடைத்த காற்றை மூன்று தடவை வெளியேற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை. நாலாவது தடவை கொட்டகை முழுக்கப் புகை. தீனா இருமிக்கொண்டே வெளியே ஓடினார். ஓடுகிறது! முன்பக்க டயரும் போட்டாயிற்று. பிரேக்கை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. நாளைக்கு என்ன சொல்லப் போகிறாரோ.

மே 11, ஞாயிறு

இருவரும் காரில் வந்தார்கள். கைத்தடி ஊன்றி அவர் இறங்க, அம்மா நாலடி பின்னால் வந்தார். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அம்மா சொன்னாரா இல்லையா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

நான் விட்டுவிட்டு வந்த பாரத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். "முழுசாப் படிச்சுட்டேன். இன்னைக்குத் தேதி போட்டுக்கோங்க."

வாங்கிக்கொண்டேன். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு தீனா தூக்கிவிட, ஏறி என் பக்கத்தில், நடு சீட்டில் உட்கார்ந்தார். சென்னியம்மாள் கீழேயே நின்றார்.

"ஏறு" என்றார் பெரியசாமி.

"நான் எதுக்கு? நீங்க போயிட்டு வாங்க."

"உன்னத்தான். ஏறு."

அம்மா ஏறி ஓரத்தில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் கதவு இன்னும் போடவில்லை. தெருமுனை திரும்பும்போது பெரியசாமி வராத இடது கையை விட்டுவிட்டு, வலது கையைக் குறுக்கே நீட்டி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா ஓட்டுங்க அம்மிணி, இவ உழுந்துருவா."

நான் இரண்டாவது கியருக்கு மேல் போகவே இல்லை.