காதர் மைதீன் டீம்

2005 ஜூலை 11, திங்கள்

காலையிலேயே வெயில். கம்பெனி வேனில் புழுக்கம். சிவகாசியில் இறங்கினால் பிரஸ்ஸில் காலண்டர் வேலை குவிந்து கிடக்கு. மதியம் சூப்பர்வைசர் பால்ராஜ் அண்ணன் ஒரு கட்டுத் தாளைப் போட்டார். எங்க ஊர் விருதுநகரின் கால்பந்துப் போட்டி விழா மலர். புரூப் பார்க்கணும். ஞாயிற்றுக்கிழமை விழா.

பக்கம் 3: "நமது ஊரின் முதல் கால்பந்து அணியை ஊர்ப் பெரியவர்கள் சிலர் தொடங்கினர்."

சிலராம்!

என் நன்னா காதர் மைதீன். அம்மாவைப் பெத்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் வத்தல் கடையை அடைத்துவிட்டு மதுரைக்குப் போய்ப் பந்து வாங்கி வந்தவர். மில் ஆட்கள் நாலு பேர், மூட்டை தூக்குகிறவர்கள் மூணு பேர், எங்கள் தெருவில் மூணு பேர், அப்புறம் அவர். பதினோரு பேரும் வெறுங்கால்.

ஒரு வரிதான். நானே மாத்திட்டா யாருக்குத் தெரியும்? பேனாவைத் திறந்தேன். மூடிட்டேன்.

ஜூலை 12, செவ்வாய்

விழாக் கமிட்டிச் செயலாளருக்குப் போன்.

"நல்ல விசயந்தாம்மா. ஆனா ஆளாளுக்கு எங்க தாத்தா, எங்க தாத்தான்னு வாராக. ஆதாரம் இருந்தா கொண்டாங்க. வியாழக்கெழம வரைக்கும் டைம்."

அம்மா பீரோவில் டீம் போட்டோ. நடுவில் நன்னா, மடியில் பந்து. பின்பக்கம் வெறும் கறை. ஒரு பேரும் இல்லை.

அம்மா யோசித்துச் சொன்னது: "ஆமத்தூர் டீம்ல சுப்பையான்னு ஒருத்தர் கோலுக்கு நின்னாரு. எங்க அத்தா, அதான் உன் நன்னாகூட எப்பவும் சண்டை. மல்லாங்கிணத்துல மக வீட்ல இருக்காராம்."

நாளை லீவு சொல்லணும். முட்டை, சோப்பு, அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை.

ஜூலை 13, புதன்

மல்லாங்கிணறு. பஸ்ஸில் நின்றே பயணம். காற்று. கண்ணெல்லாம் மண்.

சுப்பையா தாத்தாவுக்குக் காது மந்தம், கண் பரவாயில்லை. போட்டோவைப் பார்த்ததும் மூஞ்சி மாறிவிட்டது.

"காதரு! அது கோலே இல்ல. பந்து கோட்டத் தாண்டவே இல்ல!"

"தாத்தா, நான் அவுக பேத்தி."

"அப்ப நீயே சொல்லு. அது கோலா?"

அவர் மகள் காபியோடு வந்தாங்க. "அத விடுங்கப்பா. கேக்க வந்தவுகளுக்குப் பதிலச் சொல்லுங்க."

விருதுநகரில் டீம் சேர்த்தது யார் என்று கத்திக் கேட்டேன்.

"வேற யாரு? பந்துன்னா என்னன்னு காட்டுனதே அவருதான். எங்க டீமுக்கும் மொதப் பந்து அவரு குடுத்தது. நாங்க இல்லைன்னா அவரு யார்கூட வெளாடுவாரு?"

இது அம்மாவுக்கே தெரியாது. போட்டோவில் விரல் வைத்துப் பதினோரு பேரையும் சொன்னார். எழுதிக்கொண்டேன். பிறகு டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு மேட்ச் நோட்டீஸ். மடிப்பெல்லாம் கிழிசல். "விருதுநகரில் முதன்முதலாக அமைந்த காதர் மைதீன் டீமுக்கும் ஆமத்தூர் டீமுக்கும்…" அச்சில் நன்னா பேர்.

"தோத்த மேட்ச் நோட்டீஸ எதுக்கு இம்புட்டு நாளா வச்சிருக்கீக?"

"யாரு தோத்தா?"

ஜூலை 14, வியாழன்

செயலாளர் பிரஸ்ஸுக்கே வந்தார். நான் வாங்கி வந்த நோட்டீஸை ரெண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு வரி பத்தாதும்மா. முழுப் பக்கம் போடுவோம். நீங்களே எழுதுங்க."

"அச்சுப் பிளேட் போட்டாச்சே சார்!" பால்ராஜ் அண்ணன் தலையில் கை வைத்தார். சாயங்காலம் புதுப் பிளேட் போட்டதும் அவரேதான்.

நன்னா, பதினோரு பேர், ஆமத்தூருக்குக் கொடுத்த பந்து. எல்லாம் அச்சில். மை காயாத தாளை மூணு தரம் படித்தேன். பிழை இல்லை.

ஜூலை 17, ஞாயிறு

மைதானம் கொள்ளாத கூட்டம். மைக்கில் நன்னா பேர். காதெல்லாம் கைதட்டல். முதல் பந்தை உதைக்க அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

அம்மா இதுவரை அந்த மைதானத்துக்குள் போனதே இல்லை. பொம்பளப் பிள்ளைக்கு அங்க என்ன வேலை என்று நன்னாவே விடமாட்டாராம். அதை நான் மலரில் எழுதவில்லை.

முந்தானையை இழுத்துச் செருகினாள். நாலடி ஓடி உதைத்தாள். பந்து பாதி மைதானம் போனது. செருப்பு அதுக்கும் மேலே. ஒரே விசில்.

இப்போ கால் வீங்கிக் கிடக்கு. தைலம் தேய்த்துக்கொண்டே கேட்கிறாள்: "இன்னொரு தடவ உதைக்கவான்னு கேட்டிருக்கலாமோ?"