பலகைப் பூக்களும் பன்னிரண்டு முகங்களும்

என் மக்கா செல்வின்,

நீ போய் வருஷம் ஒன்றாகிறது. நாளை காலை ஆராதனை முடிந்ததும் உனக்கு நினைவுக் கூட்டம். பெண்கள் சங்கத்தின் சார்பில் நான்தான் இரங்கல் வாசிக்க வேண்டுமாம். இரண்டு நிமிஷத்துக்கு மிஞ்சக் கூடாது என்று சபைச் செயலாளர் சொல்லிவிட்டார். செயலாளர் என்றால் வேறு யார், உன் அத்தான்தான், என் வீட்டுக்காரர். உன்னை அடித்துக் கொன்றது அவர்தான் என்று சொல்ல இரண்டு நிமிஷம் போதாது. அதனால் எல்லாவற்றையும் எழுதிவைத்து வாசிக்கப்போகிறேன்.

நம் கோயில் இப்போது இல்லை. உன்னை அடக்கம் செய்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜேசிபியைக் கொண்டுவந்தார்கள். அந்த இரும்புக் கை கிழக்குச் சுவரை இரண்டு தரம் இடித்தது. மேலே இருந்த மரத்தட்டு முதலில் முனகியது, பிறகு மொத்தமாக இறங்கியது. 'விதானம்' என்று நீ எழுதுவாய். எனக்கு அது எப்போதும் தட்டுதான். பலகையில் செதுக்கிய திராட்சைக் கொடியும் பூக்களும் தூளாகப் போயின. கோயில் வேலைக்கு வந்த ஆசாரிமார் சிலுவைக்குப் பக்கத்திலே தாமரையைச் செதுக்கிவிட்டுப் போனார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாயே, அந்தத் தாமரை நடுவே பிளந்து கிடந்தது. உன் அத்தான் கைதட்டினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். இப்போது தகரக் கொட்டகையில் ஆராதனை நடக்கிறது.

உனக்கு ஏன் இந்த மேலே பார்க்கிற கிறுக்கு? மாப்பிள்ளையைப் படம் எடுக்கக் கூப்பிட்டால் மண்டபத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். பத்மநாபபுரம் அரண்மனையில் பூமுகம் என்கிற முன்மண்டபத்துத் தரையில் மல்லாந்து படுத்துவிட்டாய். எழும்பச் சொன்ன காவல்காரரிடம், "அண்ணே, நீங்களும் ஒருக்கா படுத்துப் பாருங்க" என்றாய். அவரும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கத்தான் செய்தார். உன்னோடு போனால் எனக்கு மானம் போகும், வயிறு வலிக்கச் சிரிப்பும் வரும்.

நீ படம் எடுக்கிற விதமே தனி. கேமராவை மல்லாத்தித் தரையில் வைப்பாய், கீழே ஒரு சின்ன மணல் பை. பத்து விநாடிக்கு ஒருமுறை அதுவே படம் எடுத்துக்கொள்ளும். ஜன்னல் வெளிச்சம் நகர நகர ஒவ்வொரு பூவாகத் தெளிந்து வரும் என்பாய். "நாம நடந்தாலே தரை அசையும்க்கா" என்று சொல்லித் தூரப் போய் உட்கார்ந்துகொள்வாய்.

அன்றைக்கும் ஆல்டர் பீடத்துப் படிக்கு முன்னால் அப்படித்தான் வைத்தாய். கோயிலை இடிப்பதா வேண்டாமா என்று சபையார் ஓட்டுப் போடுகிற நாள். இடிப்பதற்கு முன்னால் ஒரு தரம் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் உன் ஆசை. வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குள் வாய் முற்றிக் கை நீண்டது. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி உள்ளே உருண்டு போனார்கள். நான் மற்றப் பெண்களோடு வெளியே நின்றேன். பெஞ்சு ஒடிகிற சத்தம் கேட்டது. வாசற்படியில் யாருடைய பல்லோ ரத்தத்தோடு கிடந்தது. பிறகு அந்தக் குரல்: "கோர்ட்டுல காட்டதுக்கு படம் எடுக்கான், அடிச்சு நொறுக்குலே." இருபத்தெட்டு வருஷமாக என் வீட்டில் சோறு கேட்கிற குரல் எனக்குத் தெரியாதா?

ஆள் கலைந்தபோது நீ கேமராவுக்குப் பக்கத்தில் கிடந்தாய். மண்டையிலிருந்து வந்த ரத்தம் படியின் இடுக்கில் ஓடி, பீடத்து வெள்ளை விரிப்பின் ஓரத்தில் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் ஒருதரம் கண்ணைத் திறந்து, "அக்கா, கேமராவ எடுத்தியா?" என்று கேட்டாய். சாகக் கிடக்கும்போதும் இந்தச் சவத்தைத்தானே கேட்கிறான் என்று எனக்கு எரிச்சல். எடுத்தேன் மக்கா என்றுகூட நான் சொல்லவில்லை. அன்றைக்கு என்னிடம் நீ கேட்டது கேமராவை மட்டும்தானா?

உன் பெட்டி குழியில் இறங்குவதற்குள் இரண்டு கட்சியும் ஒன்றாகிவிட்டது. இடிக்கக் கூடாது என்று தொண்டை கிழியக் கத்தின பெரியவரே என்னிடம் வந்தார். "கோயிலுக்க பேரு கெட்டுப்போவும் மக்கா. படியில கால் வழுக்கிட்டு. ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, அதற்கு அத்தனை பேரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். போலீஸ்காரர் நீட்டின தாளில், என் தம்பி சாவில் சந்தேகம் எதுவும் இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டேன். உன் அத்தானுடைய சட்டைக் கையில் ரத்தம் இருந்தது. உன்னைத் தூக்கினதில் பட்டது என்றார். உன்னைத் தூக்கினவர்கள் வேறு ஆட்கள், நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் துவைத்தேன்.

போன மாதம் என் மகள் ஷைனி குவைத்திலிருந்து லீவுக்கு வந்தாள். நினைவுக் கூட்டத்தில் வைக்க மாமா கடைசியாக எடுத்த படம் வேண்டும் என்று மறுநாள் நான் எடுத்துவந்து, உடைந்தது என்று என் கட்டிலுக்கு அடியில் போட்டுவைத்திருந்த கேமராவை எடுத்தாள். கண்ணாடி கீறியிருந்தது, உள்ளே கார்டு நன்றாக இருந்தது. நானும் அவளும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தோம். எல்லாம் ஒரே படம், அதே தட்டு, அதே கொடி. அழகாக இருந்தது மக்கா. நூறு தரம் அண்ணாந்து பார்த்த தட்டு அது, ஆனால் நீ காட்டும்வரை நான் பார்க்கவில்லை.

பிறகு ஓரங்களில் தலைகள் வந்தன. கீழே இருந்து பார்த்தால் மனுஷருக்குத் தாடையும் மூக்குத் துவாரமும்தான் இருக்கிறது. ஒரு படத்தில் உன் விரித்த கைகள். அடுத்ததில் திராட்சைக் கொடிக்குக் குறுக்கே ஒரு மைக் ஸ்டாண்ட், அதன் அடியிலிருக்கும் இரும்பு வட்டம் மேலே, அதைப் பிடித்த கை, கைக்குப் பின்னால் வாய் திறந்த என் வீட்டுக்காரர். அதற்கு அடுத்த படத்தில் நீ முழங்காலில் இருக்கிறாய். ஸ்டாண்ட் மறுபடியும் மேலே இருக்கிறது. சுற்றிலும் பதினொரு முகம், ஒருவரும் தடுக்கவில்லை. அதன்பிறகு உன் கை மட்டும் ஓரத்தில், மிச்சமெல்லாம் தட்டு. பேட்டரி தீரும்வரை அந்தக் கேமரா பூக்களை எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. கண்ணாடியில் சிவப்பாக ஒரு புள்ளி, அந்த மிச்சப் படங்கள் எல்லாவற்றிலும்.

ஷைனி லேப்டாப்பைப் பாதி மூடினாள். பிறகு, "அழிச்சிரட்டா அம்மா?" என்றாள். நான் அவள் கன்னத்தில் அறைந்தேன். வளர்ந்த பிள்ளை, உதடு கிழிந்துவிட்டது. அவள் ரத்தத்தைத் துடைத்தாள், எல்லாப் படங்களையும் பென்டிரைவில் ஏற்றினாள், என் கையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். பாவம், அவளுக்கு அவர் அப்பா.

அன்று மத்தியானம் மீன்குழம்பும் சோறும் தின்றுவிட்டு அவர் வாயைத் திறந்து உறங்கினார். நான் அடுக்களையிலிருந்த வெட்டுகத்தியை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் நின்றேன். கழுத்தில் நரம்பு ஏறி இறங்குவது தெரிந்தது. தேங்காய் வெட்டிப் பழகின கை, ஒரே வெட்டுப் போதும். வெட்டத்தான் நினைத்தேன், உன்னிடம் என்ன மறைப்பு? ஓங்கவும் செய்தேன். ஓங்கின கையைப் பார்த்ததும் படத்தில் இருந்த கை ஞாபகம் வந்தது. பின்பக்கம் போய் மட்டி வாழை ஒன்பதையும் வெட்டிச் சாய்த்தேன்.

சத்தம் கேட்டு எழுந்து வந்தார். "ஏட்டி, ஒனக்கு கிறுக்கா? குலை தள்ளின வாழைய எதுக்கு வெட்டுக?"

"எனக்க தம்பிய எதுக்கு அடிச்சிய?"

முதலில் கத்தியைப் பார்த்தார், பிறகுதான் என்னை. "கேமராவத்தான் அடிச்சேன். அவன் குறுக்க குனிஞ்சான். தள்ளுமுள்ளுல பட்டுப்போச்சு."

முதல் அடி அப்படியே இருக்கட்டும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் பத்து விநாடி. பத்து விநாடியில் கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் பாதி சொல்லிவிடலாம். நீ குனிந்து, தடுமாறி, முழங்காலில் விழுந்து, அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கிற அளவுக்கு அது நீளமான நேரம். அவர் உன்னை அடையாளம் கண்டிருப்பார். நீ "அத்தான்" என்று கூப்பிட்டிருப்பாய். கூப்பிட்டாயா மக்கா?

"ரெண்டாவது அடியும் பட்டுப்போச்சா?" என்றேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. படத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குக் கோயில் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டார். "பாத்திருந்தியா? அப்போ எதுக்கு ஸ்டேஷன்ல கையெழுத்து போட்ட?" என்று கேட்டார்.

கத்தியை வாழைத் தூரில் போட்டுவிட்டு நான் உள்ளே வந்தேன். அவரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி நியாயமானது. அவர் இரண்டு தரம் அடித்தார். அதன்மேல் மண்ணைப் போட்டு மூடினதில் என் கையும் இருந்தது. அன்றைக்கு எனக்கு இருந்தது பயம் மட்டும் இல்லை. செயலாளர் வீட்டம்மா என்கிற பவுசும் இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாளைக்கு முதல் வரிசையில் அவர் இருப்பார். மற்றப் பதினொரு பேரில் இரண்டு பேர் பந்தி விசாரிக்கப் பின்னால் நிற்கலாம், மீதிப் பேர் பெஞ்சில்தான். நான் வாசிக்கப்போவது அந்த ஸ்டாண்டின் முன்னால், அதைக் கழுவி வைத்திருக்கிறார்கள். இரண்டு நிமிஷம் ஆனதும் யாராவது மைக்கை அணைப்பார்கள். அணைக்கட்டும். முப்பது வருஷம் பாடகர் குழுவில் நின்ற தொண்டை இது.

இது நான் உனக்குத் தருகிற வாக்கு. பன்னிரண்டு பெயரையும் அவரவர் தகப்பன் பெயரோடு வாசிப்பேன். முதல் பெயர் என் வீட்டுக்காரருடையது. வாசித்து முடித்ததும் உட்காரமாட்டேன். பென்டிரைவை எடுத்துக்கொண்டு நடந்தே ஸ்டேஷனுக்குப் போவேன், ஷைனியும் வருகிறேன் என்றிருக்கிறாள். முன்னால் எழுதிக் கொடுத்தது பொய் என்று அங்கே எழுதிக் கொடுப்பேன். அதற்கு எனக்கு என்ன கிடைக்குமோ கிடைக்கட்டும்.

பட்டியல் பன்னிரண்டோடு முடியவில்லை மக்கா. பதிமூன்றாவதாக ஒரு பெயர் உண்டு. அதை எழுதத்தான் எனக்கு இன்றைக்கு முழுப் பகலும் ஆயிற்று.

உன் அக்கா,
ஜெயசீலி