போதும் என்று எழுதிய தெரு

மார்ச் 10, திங்கள்

வெயில். காலை ஒன்பதுக்கே ஹெல்மெட்டுக்குள் தலை வெந்தது. கணக்கெடுப்பு, நாலாவது கிராஸ் தெரு. இருபத்திரண்டு வீடு, முடித்தது பதினாறு. பூட்டு ஐந்து, நாய் ஒன்று.

எதற்கு இந்த அலைச்சல் என்று எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி இருக்கும் எங்கள் லேஅவுட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. போர்வெல் வற்றிவிட்டது. டேங்கர்தான். அரசு நிதி நிறுவனம் ஒன்று நகராட்சிக்குக் குறைந்த வட்டியில் கடன் தரும். மேல்நிலைத் தொட்டி, குழாய், மீட்டர் எல்லாம் அதில் வரும். ஆனால் எந்தத் தெருவுக்குத் தேவை என்று வீடு வீடாகக் கேட்டுக் கையெழுத்து வாங்கித் தர வேண்டும். அந்த அறிக்கை தயாரிக்கும் கம்பெனியில்தான் எனக்கு வேலை. கேள்வி 7: இப்போது கிடைக்கும் தண்ணீர் போதுமா? பாதிக்கு மேல் 'போதும்' சொன்ன தெரு, பட்டியலுக்கு வெளியே. சனிக்கிழமை கடைசி நாள்.

சொன்னதை எழுது, பார்த்ததை எழுதாதே. சூப்பர்வைசர் நாகராஜ் சார் எங்களுக்குப் போட்ட சட்டம்.

இன்று 'டு லெட்' போர்டு தொங்கிய ஒரு வீடு. ஓனர் கேட்டிலேயே மறித்தார். "தண்ணி ப்ராப்ளமா? நம்ம பில்டிங்லயா? இருபத்து நாலு மணி நேரமும் வரும்மா." டேங்கர் வந்து போன ஈரம் அவர் காலடியிலேயே. எழுதினேன், போதும்.

வாங்க வேண்டியவை: ரீஃபில், சன்லைட் சோப், அக்காவுக்கு சேஃப்டி பின்.

மார்ச் 11, செவ்வாய்

ஆபீஸில் டேட்டா என்ட்ரி. ஏசி ரிப்பேர்.

சொந்தத் தெருவை நாமே எடுக்கக் கூடாது. அதனால் எங்கள் இரண்டாவது கிராஸுக்கு மஞ்சுநாத் போயிருந்தான். எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்று ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போயிருக்கிறான். கெட்டிக்காரன். அந்த ஞாயிறுதான் ஷீலா அக்காவைப் பெண் பார்க்க காக்ஸ் டவுனிலிருந்து வந்திருந்தார்கள்.

படிவங்களைப் புரட்டினேன். கேள்வி 7. போதும். போதும். போதும். முதல் கையெழுத்து அம்மாவுடையது. தமிழில், முழுப் பெயர், புள்ளி பிசகாத டீச்சர் எழுத்து.

மஞ்சுநாத்: "நான் கேக்கறப்போ உங்கம்மா ஜூஸ் டிரேயோட நின்னாங்க, ஜாய்ஸ். பக்கத்துல பட்டுப்புடவை ஆன்ட்டி. 'எங்களுக்கு என்னப்பா குறை, சம்ப்பு ரொம்பி வழியுது'ன்னாங்க. அப்புறம் எந்த மனைக்குப் போனாலும் ஒரே பேச்சு. 'டீச்சர் என்ன சொன்னாங்க? அதையே எழுதிக்கோ.' நான் ஏன் மாடோது? என்ன பண்றது?"

அவன் மேல் தப்பில்லை. எங்கள் தெரு வழக்கம் அது. ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தால் தெருவே ஒத்தாசைக்கு நிற்கும். மேரி ஆன்ட்டி வீட்டு நாற்காலி, எதிர் வீட்டுக் கண்ணாடி டம்ளர். ஞாயிறு காலை வீட்டுக்கு இரண்டு குடமாகக் கொண்டுவந்து எங்கள் சம்ப்பில், தரைக்கடித் தொட்டியில், ஊற்றினார்கள். வந்தவர்கள் கை கழுவும்போது குழாய் ஓட வேண்டுமே. நானும்தான் தூக்கினேன். நாற்காலியோடு பொய்யையும் இரவல் கொடுத்திருக்கிறார்கள். அன்பாக.

அன்பாகச் செய்த காரியத்தைத் திட்டவும் முடியவில்லை. எரிச்சல்.

மார்ச் 12, புதன்

அம்மாவோடு சண்டை. எதிர்பார்த்ததுதான்.

"சம்மந்தி வீட்டுக்காரங்க முன்னாடி தண்ணிக்கு லாட்டரி அடிக்கிறோம்னு சொல்லச் சொல்றியா?"

"ஆமா."

"உனக்குக் கல்யாணம் பேசும்போது நீயே வாசல்ல நின்னு சொல்லிக்கோ."

நான் சொன்னேன்: முப்பத்தொரு வீடு, பின்னால் இருக்கிற போர்ஷன்கள் வேறு, ஒருவருக்கும் குழாய் வராது. அம்மா வெங்காயம் நறுக்கினாள். முப்பது வருடம் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொன்னவள்.

ஷீலா அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமல் சொன்னாள். "எனக்கு அந்த ஆளைப் பிடிச்சதுன்னா நினைக்கிற? குழாயைத் திறந்தா தண்ணி வர்ற வீடுன்னுதான் சரின்னேன்."

சாம்பாரில் உப்பு அதிகம்.

மார்ச் 13, வியாழன்

நாகராஜ் சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சைன் ஆகிடுச்சுல்லம்மா. திருத்தக் கடிதம் ஒண்ணு குடுக்கலாம். ஓனருங்கள்ல பாதிக்கு மேல கையெழுத்து வேணும். இல்லேன்னா..." மேஜையில் இருந்த படிவக் கட்டைப் பார்த்தார். "நான் டீ குடிக்கப் போறேன். பத்து நிமிஷம்."

பத்து நிமிடமும் அந்தக் கட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். 'போதும்' என்பதில் 'தும்' அடித்து ஒரு 'தாது'. நாலு எழுத்துக்கூட இல்லை. தொடவில்லை. நேர்மை என்றெல்லாம் இல்லை. நிதி நிறுவனத்திலிருந்து சில வீடுகளுக்கு போன் போட்டு விசாரிப்பார்கள். அம்மாவுக்கே போன் வந்தால் சம்ப் மறுபடி வழியும்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் செல்வி. மேரி ஆன்ட்டி வீட்டுப் பின் போர்ஷனில் குடியிருப்பவள், எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பிஜி ஹாஸ்டலைப் பெருக்கித் துடைக்கிறாள். பையில் தண்ணீர் பாட்டில் நாலு. ஹாஸ்டல் ஃபில்டரில் பிடித்தது. "செக்யூரிட்டி பையைப் பிரிச்சுப் பாக்கறான் ஜாய்ஸ். திருடி மாதிரி நிக்கணும்."

கணக்கெடுப்பில் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"எங்களை எவன் கேட்டான்?"

உண்மை. படிவத்தில் ஓனர் பெயருக்குத்தான் கட்டம். குடியிருப்பவருக்கு இல்லை. மூன்று வாரமாக அந்தப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன், எனக்கே உறைக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

மாலை ஆறு மணி. காக்ஸ் டவுனிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா போன். சம்மதமாம். ஈஸ்டர் முடிந்து நிச்சயத்துக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்களாம், பன்னிரண்டு பேர், நாலு நாள். "உங்க வீட்லயே தங்கிக்கறோம் டீச்சர். உங்களுக்குத்தான் தண்ணிக்குக் கவலையே இல்லையே."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள். எல்லாவற்றையும். டேங்கர், குடம், அக்கம்பக்கம் ஊற்றியது. குரல் வகுப்பில் பேசுவது போல இருந்தது. பேசி முடித்துப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"அவங்க வீட்லயும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருதாம். அதுவும் ஒரு மணி நேரமாம்."

அக்கா சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மா: "நீ சொன்ன அந்தத் திருத்த லெட்டரைக் கொண்டா."

மார்ச் 15, சனி

மேகமூட்டம். மழை வராது, புழுக்கம்தான்.

காலை ஏழுக்கே அம்மாவும் நானும் வீடு வீடாக. 'நாங்கள் முன்பு சொன்னது தவறு. எங்கள் தெருவில் தண்ணீர் போதாது.' முதல் கையெழுத்து இதிலும் அம்மா. எதிர் வீடு போட்டது. மூலை வீட்டு அங்கிள் படிக்காமலே போட்டார். "டீச்சர் போட்டா சரி. நாளைக்கு மறுபடி மாத்துவீங்களா?"

மேரி ஆன்ட்டி போடவில்லை. "உங்க பொண்ணுக்காகத்தானே டீச்சர் அன்னைக்கு நான் பொய் சொன்னேன்? இப்போ போதாதுன்னு எழுதிக் குடுத்தா என் போர்ஷனுக்கு எவன் வருவான்? ஆறு போர்ஷன். அதுதான் எனக்குச் சோறு."

ஆன்ட்டியைப் பார்த்து வாடகைக்கு விட்டிருக்கிற மற்ற வீடுகளும் பின்வாங்கின. பதினொரு மணிக்கு மொத்தம் பதினாலு. வேண்டியது பதினாறு. இரண்டு வீடு ஊருக்குப் போயிருக்கிறது, பூட்டு.

அம்மா சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். நான் மேரி ஆன்ட்டி வீட்டுச் சந்து வழியாகப் பின்னால் போனேன். செல்விக்கு இன்று லீவு. தாளை நீட்டினேன்.

"நான் எங்க போடறது? எனக்குக் கட்டமே இல்லையே."

ஸ்கேல் எடுத்து, கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டேன். மேலே எழுதினேன்: குடியிருப்போர். செல்வி போட்டாள். பக்கத்துப் போர்ஷன் பீகார்க்காரர் இந்தியில் போட்டார். ஒரு அம்மா கைநாட்டு. மேரி ஆன்ட்டி சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தடுக்கவில்லை. மற்ற வீடுகளின் பின்பக்கமும் போனேன். கோடு போதாமல் தாளைத் திருப்பினேன். குடியிருப்போர் மட்டும் நாற்பத்தேழு.

ஒன்றரைக்கு ஆபீஸ். நாகராஜ் சார் முன்பக்கம் படித்தார், திருப்பினார், விரலால் எண்ணினார்.

"இது ஃபார்மட்டுல இல்லையேம்மா."

"இல்ல சார்."

"பதினாலுதான் செல்லும். மிச்சத்தை எடுத்துக்குவாங்களான்னு தெரியாது."

"தெரியும் சார். வெச்சு அனுப்புங்க."

தாளை எங்கள் தெருப் படிவக் கட்டின் மேல் வைத்தார். பிறகு ஸ்டேப்ளரை இழுத்தார்.