ஐந்து லிட்டர் குடித்தவள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பா நலம், நான் நலம், வண்டி எங்கள் இருவரையும்விட நலம். நீயும் மாப்பிள்ளையும் குளிருக்கு அடக்கமாக, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்குப் பல் கட்டியாகிவிட்டது, இப்போது வறுத்த கடலை கேட்கிறார். என் கண்ணாடிக் கடையில் வியாபாரம் பரவாயில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் இந்தக் கதையை நீ குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வருஷம் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு அத்தை மாமாவையும் சித்தப்பாவையும் நம் வண்டியில் நான் ஏற்றிக்கொண்டு போனேனே, நினைவிருக்கும். பதின்மூன்று லிட்டர் பெட்ரோல் ஆனது, மூன்று வீட்டுக்கும் சமமாகப் பங்கு சொன்னேன். மாமா பந்தியில் உட்கார்ந்துகொண்டு போனைத் தட்டினார். கார் ஷோரூம் மேலாளர் இல்லையா, விளம்பரத் தாளில் போட்டிருக்கும் மைலேஜ் எல்லாம் அவருக்கு மனப்பாடம். நூற்று அறுபது கிலோமீட்டர், லிட்டருக்கு இருபது, ஆக எட்டு லிட்டர்தான், மிச்சம் அஞ்சு லிட்டரைத் தங்கச்சி குடிச்சிட்டா போலிருக்கே என்று சத்தமாகச் சொன்னார். சித்தப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. இலை போட வந்த பையன்கூடச் சிரித்தான். அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் என்னிடம் பெட்ரோல் வாசனை அடிக்குதே என்பார்கள். அதுகூடப் போகட்டும். நீ போனில், மாமா கணக்கு சரியாத்தானேம்மா வருது, நீதான் எங்கயோ தப்பாப் போட்டிருப்பே என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். எனக்கு மறதி அதிகம் என்று அப்பா சொல்வார், இதை மட்டும் நான் மறக்கவில்லை.

ஒரு வருஷம் காத்திருந்தேன். அந்தக் கல்யாண ஜோடிக்குக் குழந்தை பிறந்து, பார்க்கப் போகலாம் என்று அத்தை போன் செய்தபோது எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. கல்யாணம் நடந்த அதே பெண் வீட்டு ஊர், அதே வழி, அதே ஆட்கள். எனக்கு மணிக்கட்டில் வலி, ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை, அண்ணாவையே ஓட்டச் சொல்லுங்கள் என்றேன். மணிக்கட்டுக்கு ஒன்றுமில்லை, அன்று காலையில்தான் மாவு பிசைந்தேன். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை, வண்டி ஓட்டுறதுன்னா என்னன்னு காட்டுறேன் என்றாராம். முதல் நாளே நாலு டயருக்கும் காற்று அடித்து, டிக்கியில் அப்பா போட்டு வைத்திருந்த பழைய இரும்பு எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். அவருக்கு ஒரு சாக்கும் மிச்சம் இருக்கக் கூடாது பார். கிளம்பும் அன்று மாமா பஸ் பிடித்து நம் வீட்டுக்கு வந்தார். நம் தெருமுனை பங்க்கில், குழாய் தானாக நிற்கும்வரை டேங்க்கை நிரப்பச் சொன்னேன். கிலோமீட்டர் மீட்டரைப் பூஜ்யமாக்க அவர் விரலாலேயே அழுத்த வைத்தேன். நீயும் வண்டி வாங்கியிருக்கிறாய், தெரிந்துகொள், பெட்ரோல் முள்ளைப் பார்த்துக் கணக்குப் போடுவது ஏமாற்று வேலை. நிரப்பு, ஓட்டு, திரும்பவும் அதே மாதிரி நிரப்பு. ஓடிய தூரத்தை இரண்டாவது தடவை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் உண்மை வந்துவிடும்.

நானும் அப்பாவும் பின்சீட்டில் மகாராஜா மகாராணியாக உட்கார்ந்தோம். ரயில்வே கேட், குண்டும் குழியும், சந்தை நெரிசல் எல்லாம் தாண்டி, அத்தையும் சித்தப்பாவும் ஏறக் காத்திருந்த அத்தை வீட்டு வாசலில் நிற்கும்போது மீட்டரில் இருபத்து நாலு. என்ன தங்கச்சி, உங்க வீடு இவ்வளவு தூரமா என்று மாமா கேட்டார். ஆமாம் அண்ணா, கொஞ்சம் தூரம்தான் என்றேன். இத்தனை வருஷமாக அவர் ஏறிய பிறகுதான் வண்டி ஓடவே ஆரம்பிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார், இறங்கியதும் அது காற்றில் கரைந்துவிடும் போல. போக வர அந்த நாற்பத்தெட்டு கிலோமீட்டர் அவருடைய நூற்று அறுபதில் இல்லவே இல்லை. வழியில் அத்தை குழந்தைக்குச் சட்டை எடுக்கக் கடைக்குள் போனார், வரவே இல்லை. மாமா ஏசியைப் போட்டு இன்ஜினை ஓடவிட்டபடி தூங்கினார். அப்பா மனசு கேட்காமல் அணைக்கச் சொல்ல வாயெடுத்தார், நான் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். சித்தப்பா கேட்டதற்கு, நிக்கிற வண்டி என்னத்தைக் குடிக்கப் போகுது என்று மாமா கண்ணைத் திறக்காமலே சொன்னார். மற்றபடி விரட்டுவார், பிரேக் போடுவார், மறுபடி விரட்டுவார். குழந்தை நன்றாக இருக்கிறது, மூக்கு மட்டும் சித்தப்பா மூக்கு, பாவம்.

ராத்திரிச் சாப்பாடு நம் வீட்டில் என்று எல்லாரையும் முன்னாலேயே கூப்பிட்டிருந்தேன், அதனால் ஒருத்தரும் நடுவில் இறங்கவில்லை. அதே பங்க், அதே குழாய். மீட்டரில் இருநூற்று எட்டு கிலோமீட்டர், ஊற்றியது பதினாறு லிட்டர். அண்ணா, நீங்களே போட்டுச் சொல்லுங்க என்றேன். போனைத் தட்டினார், திரும்பத் தட்டினார், பதிமூணு என்று முனகினார். சித்தப்பாவுக்குக் கேக்கலியாம், இன்னொரு தடவை சொல்லுங்க என்றேன், சொன்னார். நான் ஓட்டியபோது இதே தூரம், பதின்மூன்று லிட்டர், லிட்டருக்குப் பதினாறு. அப்போ இன்னைக்குக் கூடப்போன மூணு லிட்டரை யார் குடிச்சது அண்ணா என்று கேட்டேன். எவ்வளவு நாள் வாயில் வைத்திருந்த கேள்வி தெரியுமா. பெட்ரோல் போடும் பெண் உட்பட யாரும் சிரிக்கவில்லை, எனக்கு அதுவே போதுமாக இருந்தது. பங்கு பிரித்து அங்கேயே வாங்கிக்கொண்டேன். வயிறாரச் சாப்பாடு போட்டேன். கிளம்பும்போது சாவிக்குக் கை நீட்டினார்கள், வண்டி வீட்டில் இருக்கட்டும், டாக்சி சொல்லியாச்சு என்றேன். அந்த டாக்சிக்காரன் அவர்களிடமிருந்து வாங்கிய காசில் நம் வண்டி அந்த ஊருக்கு ஒரு நடை போய் வந்திருக்கும்.

அப்பா, ஜெயிச்சாச்சுல்ல, விட்டுடு என்றார். விடவில்லை. வண்டி மீட்டர், பங்க் மீட்டர் இரண்டையும் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன், நீயும் பார்த்திருப்பாய். மறுநாள் அத்தை அழைத்து, ஒரு விளையாட்டுப் பேச்சுக்கு இத்தனை வன்மமா என்று அழுதார். ஆமாம் அண்ணி, இத்தனைதான் என்றேன். எனக்கு வருத்தம் இல்லை. இனி அவர்களுக்காக அந்தச் சாவி ஆணியை விட்டு இறங்காது.

படத்தைப் பார்த்துவிட்டு நீ கட்டைவிரலை உயர்த்தும் பொம்மை ஒன்று அனுப்பினாய். வேறு ஒரு வார்த்தை இல்லை. மாமா அன்னியர், அவர் சொன்னது பந்தியோடு போயிற்று, நீ சொன்னதுதான் வீட்டுக்கு வந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள், மாப்பிள்ளையை வேகமாக ஓட்ட விடாதே. இரண்டு பேரும் நீடூழி, குறைவில்லாமல் இருக்க வேண்டும். அடுத்த விடுமுறைக்கு வரும்போது விமான நிலையத்துக்கு நானே வந்து கூட்டிப்போவேன், உன்னிடம் ஒரு காசு வாங்க மாட்டேன். கணக்கு மட்டும் நீ போடு. நம் வீட்டு வாசலிலிருந்து போடு, நீ ஏறிய இடத்திலிருந்து இல்லை.

இப்படிக்கு,
உன்னை எப்போதும் அழைத்துவர வரும்
அம்மா