அங்குட்டுத் திருப்பு

செக்காலை ரோட்டில் போன் பழுது பார்க்கும் கடையில் நேற்று உட்கார்ந்திருந்தேன். சார்ஜ் ஏறவில்லை. கடைக்காரர் சார்ஜ் போடும் துளையை ஊசியால் கிளறிவிட்டு, "என்னக்கா, உள்ள பூரா பவுடரா இருக்கு? மூஞ்சிக்குப் போடுறதப் போனுக்குப் போட்டீகளா?" என்றார். கண்ணாடி மேசையில் வெள்ளையாகக் கொஞ்சம் கொட்டியது. வாசம் வந்தது, அம்மா. படுக்கைப் புண் வராமலிருக்க உன் முதுகில் போட்ட பவுடர். போட்ட கையோடு போனை எடுத்து வீடியோ பிடித்தால் வேறென்ன ஆகும். அவர் ஊதித் துடைத்துவிட்டு அடுத்த போனை எடுத்துக்கொண்டார். எனக்குத்தான் அங்கிருந்து எழுந்துகொள்ள முடியவில்லை.

உனக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டபோது, நான் கல்யாண வீடியோ எடுக்கப் போவதென்று முடிவு செய்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்ட ஸ்டுடியோ அண்ணன், "கேமரா அப்புறம் தாரேன், முதல்ல உன் போன்ல பழகு" என்று சொல்லியிருந்தார். தம்பி சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டு, "அம்மாவப் பாத்துக்கக்கா" என்றான். அவனுக்கு அதோடு வேலை முடிந்தது. உன்னைக் கழுவிவிட, புரட்டிப் படுக்கவைக்க நான் ஒருத்திதான் வேண்டும். பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா உதவிக்கு வந்து நின்றால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்வாய். ஒரே ஒரு சன்னல் வைத்த அந்த அறையில் நாம் இரண்டு பேரும் அடைந்து கிடந்தோம். உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. உனக்கும் என்மேல் இருந்தது, நான் நடமாடினேன் அல்லவா.

வெளியே போக வழியில்லாததால் வீட்டுக்குள்ளேயே பழகினேன். சன்னல் கம்பியின் நிழல், சொட்டும் குழாய், சுவர்மேல் பூனை. முழங்கையை விலாவோடு ஒட்டவைத்து, மூச்சை அடக்கி, கை ஆடாமல் எடுக்க வேண்டும் என்று போனில் வந்த பாடத்தில் சொன்னார்கள். எடுத்ததும் உன் முகத்துக்கு நேரே கொண்டுவந்து பிடிப்பேன். வேறு யாரிடம் காட்டுவது.

"அந்தப் பூனைய எத்தன தடவதான் எடுப்பே? அதுக்கே வெக்கமா இருக்கும்" என்பாய்.

உன்னை எடுக்க மட்டும் விடவே இல்லை. "என்னைய எடுத்தே, போனப் பிடுங்கி எறிஞ்சிருவேன்."

"எந்தக் கையால?"

கேட்ட பிறகு எனக்கே பக்கென்றது. நீ சிரித்துவிட்டாய், ஒரு பக்க வாயால். அதையும் எடுக்க விடவில்லை.

தை மாதத்தில் என் முதல் கல்யாணம் வந்தது. வலையபட்டியில் ஒரு செட்டியார் வீடு. காலையில் உன் வேலையெல்லாம் முடித்துவிட்டு ஓடினேன். மதியம் உன்னைப் புரட்டும் நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். மாப்பிள்ளை தாலி பூட்டும்போது என் கை ஆடவில்லை. ஸ்டுடியோ அண்ணனே எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். அந்தப் பெருமையோடு வந்து உன்முன் போனைப் பிடித்தேன்.

கல்யாணம் என்றால் அந்த மாதிரி வீடுகளுக்குக் காய் நறுக்கப் போனவள் நீ. பின்கட்டு வழியாகப் போய் பின்கட்டு வழியாகவே திரும்பி வந்தவள், அங்கே தாலி கட்டுவதை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் வாய் பிளந்து பார்க்கப் போகிறாய் என்று நினைத்தேன். நீ கொஞ்ச நேரம் பார்த்தாய்.

"சரி, அங்குட்டுத் திருப்பு."

"எங்குட்டு?"

"பின்கட்டுப் பக்கம். நம்ம ஆளுக யாரு வந்திருக்காகன்னு பாப்போம்."

"அம்மா, இது எடுத்து முடிச்சது. இப்பத் திருப்ப முடியாது."

"ஏன், நீ அங்குட்டுப் போகலையா?"

"போகலை."

"அப்ப நீ பாத்ததத்தான் நானும் பாக்கணுமா?"

எனக்கு வந்ததே ஆத்திரம். சோறு தண்ணி இல்லாமல் நின்று எடுத்து வந்தால் இதுதானா பேச்சு. "ஆமா, வீடியோன்னா அப்படித்தான்" என்றேன். நீ போனிலிருந்து கண்ணை எடுத்து எதிர்ச் சுவரைப் பார்த்தாய். நாள் முழுக்க உனக்கு இருந்தது அந்தச் சுவர்தான்.

"நீயும் என்னைய மாதிரி ஒரு பக்கமாத்தான் கெடக்கே" என்றாய்.

குத்திக் காட்டுகிறாய் என்று நினைத்து அன்றைக்கு முழுக்க உன்னோடு பேசவில்லை.

அடுத்த முகூர்த்தம் நாட்டரசன்கோட்டையில். காலையிலிருந்து இரவுவரை வேலை. வர முடியாது என்று ஸ்டுடியோ அண்ணனிடம் போனில் இழுத்துக்கொண்டிருந்தேன். "வாரேன்னு சொல்லு" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. உன்னை யார் பார்ப்பது என்று கேட்டேன். நீ மல்லிகா அக்காவைக் கூப்பிடச் சொன்னாய். அக்கா வந்து நின்றதும், இடது கையால் நீயே போர்வையை விலக்கினாய். முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய்.

"இவ கை எனக்கு அலுத்துப் போச்சு மல்லிகா. நீ தொடச்சு விடு."

அந்தப் போர்வையை விலக்க உனக்கு எவ்வளவு மனசு கூசியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் நகராமல் நின்றேன். "கெளம்பு. நான் எங்குட்டும் போயிர மாட்டேன்" என்றாய்.

அன்றைக்குத் தாலி கட்டி முடிந்ததும் நேரே பின்கட்டுக்குப் போனேன். உன் கூட்டாளிகள் கத்தரிக்காய்க் குவியலுக்கு நடுவே இருந்தார்கள். அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்றதும் ஒருத்தி அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்து, "ஏத்தா, படுத்துக் கெடந்தது போதும், எந்திரிச்சு வா. பூசணிக்கா நறுக்க இங்க ஆளில்ல" என்றாள். அதை நீ எத்தனை தடவை போடச் சொன்னாய். ஒவ்வொரு தடவையும் ஒரு குறை. "கத்தரிக்காய இம்புட்டுத் தடியாவா நறுக்குவா? சரி, அடுப்புப் பக்கம் திருப்பு." அடுப்பும் எடுத்திருந்தேன். உடனே கிணற்றடியைக் கேட்டாய். உனக்கு எடுத்துக் கட்டுப்படியாகாது என்று சொல்லிச் சிரித்தேன்.

ஆனி மாதத்தில் ஒரு காலை, நான் வீட்டில் இருந்தபோதே, புரட்டிப் படுக்கவைத்த கொஞ்ச நேரத்தில் போய்விட்டாய்.

இப்போது எந்த ஊர்க் கல்யாணத்துக்கும் போகலாம். அண்ணன் கேமராவும் தந்துவிட்டார். "இனி உனக்கென்ன, கால்கட்டு இல்ல" என்று என்னிடம் சொல்கிறார்கள். மதியமானால் உடம்பு தானாக வீட்டுப்பக்கம் இழுக்கிறது. கூட்டத்துக்கு நடுவில் நின்று மணி பார்க்கிறேன். வாடகைக்கு எடுத்த கட்டிலைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. நான்தான் இன்னும் அந்த அறையிலிருந்து வெளியே வரவில்லை. வீட்டுக்கு வந்து அன்றன்று எடுத்ததைச் சத்தமாகப் போட்டுப் பார்க்கிறேன். ஒருவரும் குறுக்கே பேசாமல் வீடியோ கடைசிவரை ஓடி நிற்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை, அம்மா.

கேமரா வேலை முடிந்த பிறகு பழைய போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போவதை நான் விடவில்லை. போன வாரக் கல்யாணத்தில் எல்லாரும் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். ஸ்டுடியோ அண்ணன் கையில் வீடியோ லைட்டோடு, வயரைச் சுருட்டிக்கொண்டே என்னைத் தேடி வந்தார். நான் பாத்திரம் கழுவுகிறவர்களை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"இதெல்லாம் யாருத்தா கேட்டா?"

"வீட்டில கேப்பாகண்ணே."

என் வீட்டில் யாரும் இல்லை என்று அவருக்குத் தெரியும். கடைசியாக உன்னைத் தூக்கிப் போகும்போது ஒரு தோள் கொடுத்தவர். அணைக்கப் போன லைட்டை அணைக்காமல், நான் எடுத்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.