இடது பக்கத்து ஸ்பீக்கர்

ஜூலை 3, வியாழன்

விடிஞ்சதுல இருந்து மழை. அறுபதடி ரோட்டுல கணுக்கால் தண்ணி. செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தேன்.

மாடி ஆபீசுக்கு வந்து ஒரு வாரம். கீழே காலாவுல, அதான் நம்ம பட்டறையில, பை தைக்கிற மெஷின் எல்லாம் அப்படியே ஓடுது. மேலே இந்தச் சின்ன ரூம். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு மேசை, கண்ணாடிக் கதவு, ஏ.சி. எனக்கு ஒரு மேசை, நாத்தனார் முத்துவுக்கு ஒண்ணு. ராணி மாதிரி இருக்கலாம்னு நினைச்சேன். எங்க?

சத்தம் இல்லாம வேலை ஓடமாட்டேங்கு. இத்தனை வருசம் ரிவெட் அடிக்கிற மெஷின் பக்கத்துலயே உக்காந்த உடம்பு. கீழே யாரும் வாயால பேசுறது கிடையாது. மேசையில ரெண்டு தட்டு தட்டினா "இங்க பாரு". அப்புறம் விரல், கண்ணு, உதடு, அவ்வளவுதான். இங்க கதவைச் சாத்தினா காதுக்குள்ள ஙொய்ங்குது. போன்ல பாட்டு வச்சா கொசு பாடுத மாதிரி.

ஸ்பீக்கர் வாங்கணும். எப்படின்னா:
— ஜோடி
— மேசையில அடங்கணும்
— கும்மு கும்முன்னு நெஞ்சுல அடிக்கக் கூடாது
— முத்துவுக்குப் பிடிக்கணும்

கடைசிதான் முக்கியம். நேத்து சாப்பிடும்போது எங்க வீட்டுக்காரவிய சொன்னாவ, "தங்கச்சி வாஷியில ஒரு கம்பெனிக்குப் போகப் போறாளாம். திங்கக்கிழமை பதில் சொல்லணுமாம்." அண்ணன்ட்ட சொல்லத் தெரிஞ்சவளுக்கு என்ட்ட ஒரு வார்த்தை சொல்லத் தெரியலை. கல்யாணமாகி நான் வந்தப்ப இடுப்பு உயரம் இருந்தவ. தையல் பழக்கினது நான். கம்ப்யூட்டர் வகுப்புக்கு அவிய வேண்டாம்னு சொன்னப்ப சண்டை போட்டு அனுப்பினதும் நான். அவ போயிட்டா ஆர்டர் மெயிலை எல்லாம் யாரு படிப்பா? அதை விடு. அவ இல்லாத ரூம்ல நான் யாரு கூட இருப்பேன்?

"ஸ்பீக்கர் வாங்கினா அவ நிப்பாளா?"ன்னு சிரிக்காவ. சிரிக்கட்டும்.

ஜூலை 4, வெள்ளி

தூறல். மாட்டுங்காவுல ஒரு கடை. கடைக்காரர் பாலக்காட்டு ஆளு, வயசானவரு, பொறுமைசாலி. நான் பை தைக்கிற ஆளுன்னதும் அவர் தோள்பையை நீட்டினாரு, "இந்த ஜிப் மாட்டிக்கறது, பாருங்கோ." ஜிப்பைச் சரி பண்ணிட்டுத்தான் ஸ்பீக்கர் பார்த்தேன்.

முதல் ஜோடி: கறுப்பு, உயரம். மேளம் மட்டும் கேட்டுச்சு, பாடுறவரைக் காணோம்.
ரெண்டாவது: குட்டி. அழகுதான். சின்னப் பிள்ளை மூக்கடைச்சுப் பாடுத மாதிரி.
மூணாவது: மர நிறம், செங்கல்லை விடக் கொஞ்சம் பெருசு. வயலின் வந்ததும் கை தன்னால தாளம் போட்டுச்சு. இதேதான்.

"சின்ன ரூமுக்குச் சத்தம் முக்கியமில்லை. சுவத்தோட ஒட்டி வெக்காதீங்கோ. காது உயரத்துக்கு இருக்கணும். நீங்க ரெண்டுக்கும் நடுவுல உக்காந்தா பாடறவர் நேரா உங்க முன்னாடி நிப்பார்"னாரு.

எனக்கு என்னமோ பாடுறவர் வலது பக்கம் ஒதுங்கி நிக்குத மாதிரிதான் இருந்துச்சு. கடையில அத்தனை சாமான், அதான்னு நினைச்சேன்.

"நாலு நாள் வெச்சுக் கேளுங்கோ. பிடிக்கலைன்னா கொண்டுவாங்கோ."

பெட்டியை மடியில வச்சுக்கிட்டு டாக்சியில வந்தேன். முத்து முகம் எப்படி மாறும்னு வழியெல்லாம் ஒரே நினைப்பு.

ஜூலை 5, சனி

காலையில வெயில், மத்தியானம் மழை. ஆண்டாப் ஹில்லுல இருந்து வார தையல்காரர் லேட்டு. சாம்பிள் பை ரெண்டு கோணல், பிரிக்கச் சொன்னேன்.

ஸ்பீக்கர் மாட்டியாச்சு. முத்துதான் வயர் எல்லாம் போட்டா. அவளுக்குப் பிடிச்ச பழைய பாட்டு ஒண்ணு வச்சேன். தலையை ஆட்டினா. கொஞ்சம் சிரிச்ச மாதிரியும் இருந்துச்சு.

ஆனா எழவு, இடது ஸ்பீக்கர் மந்தம்! வலதுதான் பாடுது. இது சும்மா பொம்மை மாதிரி உக்காந்திருக்கு.

எதிர்ல நின்னு முத்து கேட்டா, "ரெண்டும் நல்லாத்தானே பாடுது மதினி?"

"உனக்கு என்ன தெரியும், சும்மா இரு"ன்னுட்டேன். முகம் சுருங்கிப் போச்சு. அய்யோ, ஏன் அப்படிச் சொன்னேன்?

கடைக்காரருக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடிச்சேன். அவரு கோவிக்கவே இல்லை. "ரெண்டையும் இடம் மாத்தி வெச்சுப் பாருங்கோ. அப்பவும் அதே ஸ்பீக்கர் மந்தமா இருந்தா வேற தரேன்."

சாயங்காலம் மெஷின் நின்னதும் கீழே போய் டீ வாங்கிட்டு ஏறுறேன். மேலே முத்து யாரோ சிநேகிதிகிட்ட போன்ல: "செவுத்துட்ட பேசுதாப்புல இருக்குடி. நான் என்ன சொன்னாலும் மதினி திரும்பிக்கூடப் பாக்கமாட்டேங்கா. கீழ இருக்கும்போது அப்படி இல்ல. மாடிக்கு வந்ததும் முதலாளியம்மா ஆயிட்டா."

பாதிப் படியிலயே நின்னுட்டேன்.

நானா? நானா திரும்பிப் பாக்கல? என்ன அநியாயம்! எப்ப கூப்பிட்டா, எப்ப பாக்கல? உள்ளே போய்க் கேட்டிருக்கணும். கேக்கலை. டீயை அவ மேசையில வச்சுட்டு வந்து உக்காந்தேன். பாட்டு மட்டும் ஓடிச்சு, வலது பக்கமா.

ஜூலை 6, ஞாயிறு

காலா லீவு. மழை விட்டிருக்கு. அவிய தூங்குதாவ. நான் மட்டும் சாவி எடுத்துக்கிட்டு ஆபீஸ் வந்தேன். ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி இடம் மாத்திப் பாத்துடலாம்னுதான்.

மாத்தினேன். வலது பக்கம் வந்ததும் அந்த மந்த ஸ்பீக்கர் கணீர்னு பாடுது. நல்லாப் பாடினது இடது பக்கம் போனதும் மந்தமாயிட்டு.

வயரா? செவுரா? திரையை விலக்கினேன். மேசையை நகத்தினேன். ஒண்ணும் ஆகலை. தண்ணி பாட்டில் உருண்டு பின்னால விழுந்துச்சு. எடுக்க நாற்காலியைத் திருப்பினேன்.

பாட்டு அந்தப் பக்கம் தாவிட்டு.

முன்னால திரும்பினேன். இந்தப் பக்கம். மறுபடி பின்னால. அந்தப் பக்கம். என் கூடவே சுத்துது.

வலது காதை விரலால பொத்தினேன். குளத்துக்குள்ள முங்கினாப்புல ஆயிட்டு. இடதைப் பொத்தினேன். ஒரு வித்தியாசமும் இல்லை.

பயந்துட்டேன். நாற்காலியிலயே உக்காந்திருந்தேன், பாட்டு பாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு. பொம்மை மாதிரி உக்காந்திருக்குன்னு அதைப் போய்த் திட்டினேனே.

ரிவெட் மெஷின் எனக்கு எப்பவும் இடது பக்கம். கீழே அது தெரியவே தெரியாது. அங்க எல்லாருமே செவிடுதான், தட்டித்தான் கூப்பிடுவோம். முத்து எதிர் மேசை, உதட்டைப் பாத்தே பேசிடுவேன்.

இங்க அவ மேசை எனக்கு இடது பக்கம்.

அப்ப அவ பேசியிருக்கா. இந்த வாரம் பூரா பேசியிருக்கா. நான்தான் செவுரு மாதிரி இருந்திருக்கேன். நினைக்க நினைக்க அழுகை வந்துட்டு. யாரும் இல்லைல்ல, நல்லா அழுதேன்.

அப்புறம் எழுந்து முத்து மேசையை இழுத்தேன். இரும்பு மேசை, ஏ யப்பா என்ன கனம். என் மேசைக்கு எதிரே போட்டேன், கீழே இருந்த மாதிரியே. ஸ்பீக்கரை ரெண்டு மேசைக்கும் பக்கத்துல, ஓரப் பலகையில வச்சேன். கடைக்காரர் பாத்தா தலையில அடிச்சுக்குவாரு.

வீட்டுல அவியகிட்ட சொன்னேன். "நாளைக்குச் சாயங்காலம் காது டாக்டர்ட்ட போவோம். நானும் காட்டிக்கிடுதேன்"னாவ.

"தங்கச்சிக்கு நான் சொல்லவா?"ன்னும் கேட்டாவ. வேண்டாம், நானே சொல்லணும்.

ஜூலை 7, திங்கள்

நல்ல மழை. ரயில் லேட்டாம்.

முத்து அவ வீட்டுல இருந்து நனைஞ்சு வந்தா. குடையை மடக்கினவ, ரூமைப் பாத்து அப்படியே நின்னுட்டா.

"என்ன மதினி, என் மேசையைத் தூக்கிட்டீங்க? நான் இன்னும் போகலையே."

மேசையில ரெண்டு தட்டு தட்டினேன். பழக்கம் விடுமா? சட்டுன்னு என் உதட்டைப் பாத்தா.

"எனக்கு இடது காது கேக்கலை, முத்து."

"எப்ப இருந்து?"

"தெரியாது. ஸ்பீக்கர் வந்ததாலதான் தெரிஞ்சுச்சு. நேத்துதான்."

குடையில இருந்து தண்ணி தரையெல்லாம் சொட்டுது. ரெண்டு பேரும் துடைக்கலை.

"அப்ப முதல் நாள் நான் சொன்னது?"

"என்ன சொன்ன?"

சிரிக்கா, கண்ணுல தண்ணியும் நிக்கு. "நல்லா இருக்கே! நான் ஒருத்தி உசிரைக் கொடுத்துச் சொல்லிட்டு, பதிலே இல்லைன்னு பத்து நாளா வெந்துக்கிட்டு இருக்கேன்."

"இப்பச் சொல்லு."

"போங்க மதினி. அதை எல்லாம் எப்படி ரெண்டாவது தடவை சொல்லுறது?"

டீ வந்துச்சு. குடிச்சோம். ஆர்டர் மெயில் ரெண்டு, அவளே படிச்சுச் சொன்னா, எதிர்ல உக்காந்து, சத்தமா. இவ்வளவு சத்தம் வேண்டாம்டின்னேன்.

திடீர்னு எழுந்து பாட்டை நிறுத்தினா. என் வலது பக்கம் வந்து நின்னா.

"நீங்க இல்லைன்னா நான் இன்னும் தரையில உக்காந்து நூல் பிசிறு வெட்டிக்கிட்டுத்தான் இருப்பேன். இந்த நாற்காலி நீங்க கொடுத்தது. அன்னைக்கு இதைத்தான் சொன்னேன்."

அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

அப்புறம் வாஷிக்குப் போன் போட்டா. எங்கயும் நகராம, அதே வலது பக்கம் நின்னு, வரலைன்னு சொன்னா. ஒரு சொல் விடாம கேட்டுச்சு.