பன்னிரண்டடி உயரத்து டப்பா

2 நவ., ஞாயிறு

காலையிலிருந்து தூறல். வெளியே போக வழியில்லை. பையைக் கொட்டி ஒழுங்குபடுத்தினேன். ஹாலில் கொடி கட்டித் துணி காய்கிறது, அதனால் மாடிப்படியில் விரித்தேன்.

இருந்தவை:
– பேனா நான்கு. (ஏன் நான்கு என்று கீழே.)
– ட்வீசர். சுருட்டிய தாளை நகத்தால் இழுத்து இரண்டு நகம் போன பிறகு வாங்கியது.
– காந்தம் வைத்த நீட்டுக் கம்பி. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இதை வெளியே எடுக்கவே கூடாது. ஒரு முறை எடுத்து அரை மணி நேரம் பதில் சொன்னேன்.
– முகக்கண்ணாடி. சிமென்ட் பெஞ்சுக்கு அடியில் பார்க்க.
– புது ஷூ டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம், ஏழு.
– பவர் பேங்க். சார்ஜ் இல்லை, வழக்கம்போல.
– வாழைப்பழம். எந்த வாரத்தது, தெரியவில்லை. கறுப்பு.

எங்கள் பிளாக் படிக்கட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் ஏழுமலை நின்று பார்த்தார். திருமுல்லைவாயில்காரர், ஏரிக்கரைப் பக்கம் வீடு.

“இன்னா யக்கா, டாக்டரு பையா?”

சொன்னேன். ஒருத்தர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைப்பார், அந்த இடத்தின் எண்களை ஆப்பில் போடுவார். மற்றவர்கள் போனை வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். கண்டுபிடித்ததை ஆப்பிலும் பதிவார்கள், தாளில் கையெழுத்து இல்லையென்றால் டப்பா வைத்தவர் அந்தப் பதிவை அழித்துவிடலாம். ஜியோகேச்சிங் என்று பெயர்.

“உள்ள இன்னா கீது?”

“தாள்தான்.”

“அத்தயும் எடுத்துகினு வரக்கூடாதா?”

“கூடாது.”

“அப்போ இன்னாத்துக்குப் போறீங்கோ?”

சேகருக்கும் கல்யாணம் ஆன நாளாக இதே சந்தேகம்தான். புருஷனுக்கே விளங்கவைக்க முடியவில்லை, பெயின்டருக்கு என்ன சொல்வது.

சரி, பேனா. போன டிசம்பர், சென்னீர்குப்பம், ஹைவே ஓரம் தே. ஒளித்து வைத்த டப்பா. (தே. = தேவராஜ் சார். வேலப்பன்சாவடியில் ஒரு காலேஜ் லேபில் வேலை. எங்கள் குழுவிலேயே சீனியர். நடமாடும் சட்டப் புத்தகம்.) அது என் நூறாவது கண்டுபிடிப்பு. வெயிலில் ஒன்றரை மணி நேரம் தேடி எடுத்தேன். திறந்தால், பையில் பேனா இல்லை. கொண்டை ஊசியால் தாளில் ‘கலா’ என்று கீறினேன். போட்டோவும் எடுத்தேன். சாயங்காலம் சேகர் கேக் வாங்கி வந்தார், மேலே 100 என்று எழுதி. கேக் வெட்டும்போதே போனில் செய்தி. என் பதிவை தே. அழித்துவிட்டார். “கையெழுத்து இல்லை. விதி எல்லோருக்கும் ஒன்று.”

வாட்ஸ்அப் குழுவில் இருபத்து மூன்று பேர் பார்த்தார்கள். நான் பாத்ரூமில் போய் அழுதேன். ஒரு கேக்கை இரண்டு பேர் மூன்று நாள் தின்றோம்.

ஜூனில் தே.க்கு முட்டி ஆபரேஷன். ஆகஸ்டில் நான் ஏரிக்கரை வேப்பமரத்தில் ஒரு டப்பா வைத்தேன். பன்னிரண்டடி உயரம். சேகர் தோளில் ஏறி நின்று மாட்டினேன். அவருக்கு ஒரு வாரம் முதுகு வலி, இனிமேல் கூப்பிடாதே என்று கும்பிடு போட்டுவிட்டார்.

“ஆபரேஷன் பண்ண மனுஷன் எப்படிடி ஏறுவாரு? பாவம் இல்லியா?”

“மரம் என்ன அவருக்கு மட்டுமா உயரம்?” என்றேன்.

பொய் சொல்வானேன். இது என் டைரிதானே. அவருக்காகத்தான் அந்த உயரம். அந்தப் பக்கம் எல்லா டப்பாவையும் முதலில் எடுப்பவர் அவர். இதையும் எடுக்க ஆசைப்பட வேண்டும், கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

மூன்று மாதம் ஆச்சு. இதுவரை ஒருத்தரும் எடுக்கவில்லை.

4 நவ., செவ்வாய்

மழை விட்டது. வெயில். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ரோடு முழுக்கச் சேறு, கம்பெனி பஸ் லேட்.

பதினோரு மணிக்கு போன் அதிர்ந்தது. தே.! என் வேப்பமரம்! “சுலபமாகக் கிடைத்தது. முதல் கண்டுபிடிப்பு நானே. நன்றி.”

சுலபமாக!

கைத்தடி ஊன்றி நடக்கிற மனுஷன். போன மாதம் குழுக் கூட்டத்துக்கு வந்தபோது இரண்டு படி ஏறச் சுவரைப் பிடித்தார், என் கண்ணால் பார்த்தேன். கீழே நின்று டப்பாவைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் எழுதிவிட்டார். விதிப் புத்தகம் பொய் எழுதுகிறது. மாட்டினீரா சார்!

பர்ச்சேஸ் ஆர்டர் ஒன்றும் ஓடவில்லை. சாப்பாட்டு நேரம் வரை பொறுத்தேன். தயிர் சாதத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டே அவர் பதிவை அழித்தேன். காரணம் என்ற இடத்தில் அவருடைய வாக்கியத்தையே, ஓர் எழுத்து மாறாமல்: “கையெழுத்து இல்லை. விதி எல்லோருக்கும் ஒன்று.” கூடவே ஒரு வரி சேர்த்தேன்: “நேரில் போய்ச் சரிபார்த்தேன்.”

போகவில்லை. போவானேன்? தெரிந்த விஷயம்தானே.

குழுவில் ஒரே கொண்டாட்டம். “சாருக்கேவா!” “மேடம் வெச்சு செஞ்சுட்டாங்க.” இவர்களில் பாதிப் பேரின் பதிவை அவர் அழித்திருக்கிறார். பதினோரு மாத வயிற்றெரிச்சல் இன்றைக்குத்தான் அடங்கியது. கேன்டீனில் இரண்டு வடை.

சாயங்காலம் தே. குழுவில்: “நான் போட்டேனே மேடம். முதல் வரியிலேயே. இன்னொரு தடவை பாருங்களேன்.”

மேடமாம். பாருங்களேனாம். டிசம்பரில் நான் அனுப்பிய போட்டோவை இவர் இன்னொரு தடவை பார்த்தாரா?

“சனிக்கிழமை பார்க்கிறேன்” என்று போட்டேன். பெருந்தன்மையாக.

சேகர் மட்டும் கேட்டார், “நெஜமா போய்ப் பாத்தியா?” சட்னி அரைக்க மிக்ஸியைப் போட்டுவிட்டேன்.

6 நவ., வியாழன்

தூக்கம் சரியில்லை. சேகரால் வந்த வினை. போட்டிருந்தால்? போட்டிருக்க முடியாது. சரி, போய்ப் பார்த்துவிட்டால் தீர்ந்தது என்று ஆபீசுக்கு முன்னால் ஆறரைக்கு ஏரிக்கரை.

தவறுகள், வரிசையாக:

ஒன்று, ஆபீஸ் செருப்பு. மழையில் ஊறிய வேப்பம்பட்டை வழுக்கும். ஷூ இல்லாமல் மரத்தடிக்கே போகக் கூடாது.

இரண்டு, கையுறையை ஞாயிறன்று துவைத்துக் கொடியில் போட்டேன். கொடியிலேயே இருக்கிறது.

மூன்று, செவ்வெறும்பு. ஆகஸ்டில் இல்லை. இப்போது குடும்பத்தோடு குடியேறியிருக்கிறது. மூன்றடி ஏறினேன், கழுத்துக்குள் போய்விட்டன. அப்படியே கட்டிப்பிடித்து நின்றேன், இறங்கவும் தெரியவில்லை.

பின்னால் வாக்கிங் போகிற இரண்டு பேர்:

“அந்தம்மா இன்னாத்துக்கு மரத்தக் கட்டிப் புடிச்சிகினு நிக்குது?”

“வேண்டுதல்பா. நீ வா, பாக்காத.”

சறுக்கி விழுந்தேன். சுடிதார் முட்டியில் கிழிசல், உள்ளங்கை சிராய்ப்பு. இதில் அவர் ஏறினாராம், அதுவும் சுலபமாக! நாற்பத்தொரு வயசு, இரண்டு நல்ல காலுள்ள எனக்கே முடியவில்லை. மனசு லேசானது. எறும்புக் கடியோடு சந்தோஷமாக ஆபீஸ் போனேன்.

8 நவ., சனி

மேகமூட்டம், மழை இல்லை. ஆபீஸ் லீவு.

ஏழுமலையின் மூங்கில் ஏணி. அவரே தோளில் தூக்கி வந்து மரத்தில் சாத்திப் பிடித்துக்கொண்டார். இந்த முறை ஷூ, கையுறை, சட்டைக் கைக்கு ரப்பர் பேண்ட், கழுத்தில் துண்டு. எறும்புக்கு மஞ்சள்தூள் தூவினேன், அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை (குறித்துக்கொள்).

ஏறினேன். டப்பா நான் மாட்டிய இடத்திலேயே. மூடி இறுக்கம், உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. ட்வீசரால் தாளை இழுத்தேன்.

முதல் வரி. நீல மை. அழுத்தி அழுத்தி எழுதும் அந்தக் கையெழுத்து.

“தேவராஜ். 4 நவ., காலை 6.40. மூன்றாவது நாள் முயற்சி. முட்டி பிழைத்தது. நல்ல மரம், நல்ல டப்பா. நன்றி மேடம்.”

மூன்று நாள் வந்திருக்கிறார். மூன்று நாள் வந்து, வழுக்கி, எறும்பு கடித்து, ஏறி. குழுவில் ‘சுலபமாக’ என்று பீற்றிக்கொண்டு, இங்கே யாரும் படிக்காத இடத்தில் உண்மையை எழுதி வைத்திருக்கிறார்.

கீழேயிருந்து ஏழுமலை, “இன்னா யக்கா, கீதா?”

‘நேரில் போய்ச் சரிபார்த்தேன்’ என்று எழுதியது நான். இருபத்து மூன்று பேர் படித்தார்கள். இப்போது இறங்கிப் போய், கையெழுத்து இருக்கிறது, நான் பார்க்காமலேயே பொய் சொன்னேன், மன்னியுங்கள் சார் என்று போட வேண்டும். அவரிடம். என் நூறாவதை அழித்தவரிடம். அவர் என்ன எழுதுவார் என்று கூடத் தெரியும். “விதி எல்லோருக்கும் ஒன்று.”

மாட்டேன்.

அந்த முதல் வரியை மட்டும் நீளவாக்கில் கிழித்தேன். பாண்ட் பாக்கெட்டில் போட்டேன். மிச்சத் தாளை விரித்து போட்டோ எடுத்தேன், கிழிந்த ஓரத்தைக் கட்டைவிரலால் மறைத்து. பிறகு சுருட்டி உள்ளே போட்டு, மூடி, மாட்டினேன்.

“ஒண்ணும் இல்ல, ஏழுமலை.”

“இதுக்கா இம்மாந் தூரம் ஏணி தூக்கிகினு வந்தோம்!”

குழுவில் போட்டோ போட்டேன். “மறுபடி பார்த்தேன். இல்லை.” வெள்ளைத் தாள். மறுபடி கைதட்டல். இந்த முறை வடை வாங்கத் தோன்றவில்லை.

மதியம் ஒருவன், “அப்போ சார் டுபாக்கூரா?” என்று போட்டான். நான் அப்படிச் சொல்லவில்லையே என்று எழுதி, அழித்து, எழுதி, அழித்தேன். அதற்குள் தே.யே எழுதினார்:

“மேடம் பொய் சொல்ல மாட்டாங்க. நான் வலிக்கு மாத்திரை சாப்பிடறேன், அதுல தலை கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு. போட்டதா நெனச்சுட்டேன் போல. வீட்லயும் சொல்றாங்க, கேஸை அணைச்சியா, கதவைப் பூட்டினியான்னு. வருத்தப்படாதீங்க மேடம். தப்பு என்னுது.”

நான் ஜெயித்தேன். எழுதிவைக்கிறேன், ஜெயித்தேன். ரொம்ப அசிங்கமாக இருக்கிறது.

நாலு மணிக்கு அவரே போன் செய்தார்.

“மேடம், நாளைக்கு மறுபடி ஏறலாம்னு இருக்கேன். இந்த முறை போட்டேனா இல்லையான்னு சந்தேகமே வரக்கூடாது, பாருங்க. சம்சாரம், தனியா போனா காலை ஒடிச்சுடுவேன்னு சொல்றா. ஏணி ஒண்ணு ஏற்பாடு பண்ணிட்டு, நீங்களே புடிச்சுக்க வர்றீங்களா? நீங்க பாத்துட்டீங்கன்னா அப்புறம் பிரச்சினையே இல்ல.”

“வரேன் சார்” என்றேன். வேறு என்ன சொல்ல?

துண்டுத் தாள் இன்னும் பாண்ட் பாக்கெட்டில். மெஷினில் போட எடுத்த பாண்ட்டைத் திரும்ப மடித்து வைத்தேன்.

9 நவ., ஞாயிறு

நல்ல வெயில். பல நாளுக்கு அப்புறம் ஏரி பளிச்சென்று.

ஏழுமலைக்கு பட்டாபிராமில் கல்யாணம், ஏணியை மட்டும் மரத்தடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். தே. ஆட்டோவில் வந்தார், முட்டிக்கு மேல் பட்டை கட்டி. எனக்கு ஒரு பொட்டலம். தீபாவளி மிச்சம், மனோகரம், வீட்டில் கொடுத்தார்களாம். வாங்கிக்கொண்டேன்.

“கெட்டியா புடிங்க மேடம். உங்கள நம்பித்தான் ஏறறேன்.”

ஒவ்வொரு படிக்கும் நல்ல காலை முதலில் வைத்து, மற்றதை இழுத்து. ஏணி நடுங்கியது என் கை வரைக்கும் தெரிந்தது. பாதியில் நின்று மூச்சு வாங்கினார். நான் சொல்லியிருக்கலாம். ‘இறங்குங்க சார், தாள் என்கிட்ட இருக்கு.’ அவ்வளவுதான். வாய் வரை வந்தது. “பாத்து சார்” என்றுதான் வெளியே வந்தது.

எட்டிவிட்டார். மூடி திறக்கும் சத்தம்.

அண்ணாந்து பார்த்தேன். கையெழுத்துப் போடவில்லை. தாளின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தாளை வெயில் பக்கம் சாய்த்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்குச் சுருளின் மேலேயே வைத்து, அழுத்தி எழுதியிருக்கிறார். அடியில் இருந்த தாள் சுற்றில், நான் கிழித்த வரி மையில்லாத எழுத்தாகப் பதிந்திருக்கிறது. நேற்று மேகம், எனக்குத் தெரியவில்லை.

“என்ன சார்?” என்றேன்.

“நேத்தோட,” என்றார், கீழே பார்க்காமல், “மாத்திரைய நிறுத்திட்டேன் மேடம். ராத்திரி வலி தாங்க முடியல. இருந்தாலும் புத்தி போவுதேன்னு பயந்து நிறுத்திட்டேன்.”

தாளைச் சுருட்டி, உள்ளே போட்டு, மூடி, கொக்கியில் மாட்டினார். கையெழுத்துப் போடவில்லை. பொறுமையாக ஒரு காலைக் கீழ்ப்படிக்கு இறக்கினார். நடுங்கியது.

“ஏணிய விட்டுட்டுத் தள்ளி நில்லுங்க. நானே எறங்கிக்கறேன்.”

நான் விடவில்லை. அவரும் வெகு நேரம் இறங்கவில்லை.